120 ரூபாய் தவளை, 15 வருஷ பில்: குளத்தில் விடும் முன் ஒரு கணக்கு

“எடி, அந்த வெள்ளத் தவக்கள கப்பி மீன் எல்லாத்தயும் தின்னு தீத்துட்டு. ஒங்க அத்தான் சொல்லுதாரு, கொண்டு குளத்துல விட்டுரலாம்னு. விட்டுரட்டா?”

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிதறாலில் இருந்து அக்கா போன். பாதித் தூக்கத்தில் இருந்த நான் “விடாத, விடாத, பொறு” என்று கத்தியதில் ரூம்மேட் எழுந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் அக்கா மகன், வயசு 11, மார்த்தாண்டம் பக்கம் ஒரு மீன் கடையில் கப்பி வாங்கப் போயிருக்கிறான். அங்கே தொட்டியில் வெள்ளை உடம்பும் சிவப்புக் கண்ணுமாகக் கட்டைவிரல் அளவில் ஒரு தவளை நீந்திக்கொண்டிருந்திருக்கிறது. விலை 120 ரூபாய். “இதுக்கு மேல வளராது, மீன் தீனியே போதும்” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இப்போது அது என் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது.

அக்கா அனுப்பிய போட்டோவை ஜூம் பண்ணிப் பார்த்தேன். முன்னங்காலில் விரல்கள் தனித்தனியாக இருந்தன, நடுவில் சவ்வு இல்லை. பின்னங்காலில் சவ்வும் குட்டி நகங்களும். ஆப்பிரிக்க நகத் தவளை. அறிவியல் பெயர் செனோபஸ் லேவிஸ். கடைகளில் இதோடு சேர்த்து விற்கப்படும் இன்னொரு குட்டி ரகம் உண்டு. அது கட்டைவிரல் அளவைத் தாண்டாது, அதற்கு முன்னங்காலிலும் சவ்வு இருக்கும். வாங்கப் போகிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தையாவது மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கே பல நேரம் இது தெரிவதில்லை.

இந்தக் கட்டுரையை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. சென்னை ஆபிஸில் என் பக்கத்து சீட்டில் இருப்பவர் சில வாரமாக ஒரு பச்சைத் தவளை வாங்கும் பிளானில் இருக்கிறார். வீட்டு ஓனர் நாய்க்கு நோ, பூனைக்கும் நோ. ரீல்ஸில் வருகிற, சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஆஸ்திரேலிய மரத்தவளை அவருக்குப் பிடித்துப்போனது. சத்தம் போடாது, வாக்கிங் கூட்டிப் போக வேண்டாம், லீவில் ஊருக்குப் போனால் இரண்டு நாள் தாங்கும். ‘மெயின்டெனன்ஸே இல்லாத பெட்’ என்கிறார்கள். அவரிடம் ஒரு விற்பனையாளர் சொன்ன விலை 6,500 ரூபாய்.

சரி, உண்மையில் ஒரு தவளை என்ன விலை?

முதலில் நேரடிக் கணக்கு

அக்கா வீட்டுத் தவளையையே எடுத்துக்கொள்வோம். தவளை 120 ரூபாய். அது சாகும் வரை தண்ணீரிலேயே வாழும் ரகம், எனவே மூன்றடித் தொட்டியாவது வேண்டும். உள்ளூர் கண்ணாடிக் கடையில் செய்தாலும், இறுக்கமான மூடி, ஃபில்டர் எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய் என்று வைக்கிறேன். மூடி கட்டாயம். மழை ராத்திரிகளில் எகிறிக் குதித்து, ஈரத்தரையில் ஊர்ந்து வேறு நீர்நிலைக்குப் போகும் பழக்கம் இதற்கு உண்டு. தீனிக்கு மாதம் 150 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,800.

இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிற எண் வருகிறது. நகத் தவளை நல்ல பராமரிப்பில் 15 வருஷத்துக்கு மேல் வாழும். 1,800-ஐ 15-ஆல் பெருக்குங்கள், 27,000. இடையில் ஃபில்டரும் கண்ணாடியும் போகும், அதற்கு ஒரு 5,000. மொத்தம் 35,620 ரூபாய். கடையில் கொடுத்த 120, இதில் அரை சதவீதம்கூட இல்லை.

சிதறாலில் கொஞ்சம் சலுகை உண்டு. கிணற்று வெள்ளம், குளோரின் கிடையாது. ரப்பர் தோட்டத்தில் மண்ணைக் கிளறினால் மண்புழு சும்மா கிடைக்கும். சென்னையில் அது இல்லை. தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. மூச்சின் ஒரு பகுதியும் தோல் வழியாகத்தான். நமக்கு ஒன்றும் செய்யாத குழாய்த் தண்ணீர்க் குளோரின் அதற்கு நேரடியாக உடம்புக்குள் போகும். அதனால் ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் குளோரின் நீக்கி சேர்க்க வேண்டும். இன்னொன்று, நகத் தவளை தென்னாப்பிரிக்காவின் குளிர்ந்த நீரில் வாழ்ந்த ஜீவன், 20 டிகிரி சுற்றுவட்டாரம்தான் அதற்குச் சுகம். மே மாதச் சென்னையில் ஐஸ் பாட்டில் மிதக்க விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

நண்பரின் மரத்தவளைக்கு இன்னும் பெரிய பில். தவளை 6,500, உயரமான தொட்டி, விளக்கு, ஈரப்பத மீட்டர் எல்லாம் 8,000. அது மீன் தீனி தின்னாது, உயிருள்ள பூச்சி வேண்டும். வாரம் 15 பூச்சி, ஒன்று 3 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் வருஷத்துக்கு 2,340, பதினைந்து வருஷத்துக்கு 35,100. புற ஊதா விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் கதிர் பலவீனமாகிவிடும், வருஷம் ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். 1,500 வீதம் 14 முறை, 21,000. கூட்டினால் 70,600 ரூபாய். ஏசியை இதில் சேர்க்கவே இல்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மின் கட்டணம் எப்படி எகிறும் என்பது வாடகை வீட்டில் இருக்கிற யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொட்டியில் போட ‘மழைக்காட்டு மண்’ என்று ஒரு வெளிநாட்டு பாக்கெட் இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் தேங்காய்க் கதம்பல் தூள். எங்க ஊரில் மலையாகக் குவிந்து கிடப்பது.

டாக்டர்? நாய் பூனைக்கு இன்று எல்லா டவுனிலும் கிளினிக் இருக்கிறது. தவளைக்கு ஊசி போடத் தெரிந்தவரைத் தேடிப் பாருங்கள். அக்கா வீட்டில் இருந்து பார்த்தால், பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி திருநெல்வேலி ராமையன்பட்டியில். போக மட்டும் சுமார் நூறு கிலோமீட்டர். 120 ரூபாய் தவளைக்காக யார் கார் எடுப்பார்கள்? எடுக்க மாட்டார்கள். ‘குளத்துல விட்டுரலாம்’ என்ற யோசனை வருவது இந்த இடத்தில்தான்.

விட்டால் என்ன ஆகும்?

அத்தானைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மனசில் அது நல்ல காரியம். கொல்ல மனசில்லை, வளர்க்க முடியவில்லை, தண்ணீரில் விட்டால் பிழைத்துக்கொள்ளும். கோயில் குளத்தில் மீன் விடுவதை புண்ணியமாகப் பார்க்கும் ஊர் நம்முடையது. போதாததற்கு, சிதறால் மலையே சமண முனிவர்கள் இருந்த மலை. மேலே பாறைக் குடைவரை, தீர்த்தங்கரர் சிற்பங்கள், அதன் பக்கத்திலேயே ஒரு சுனைக்குளம்.

ஆனால் நகத் தவளையின் சரித்திரம் வேறு மாதிரி. 1930-களில் தென்னாப்பிரிக்காவில் லான்சலாட் ஹாக்பென் என்ற விஞ்ஞானியின் ஆய்வு ஒரு வினோதமான பயனைக் காட்டியது. கர்ப்பமாக இருக்கும் பெண்ணின் சிறுநீரை இந்தத் தவளைக்கு ஊசியாகப் போட்டால், ஒரு நாளுக்குள் அது முட்டையிடும். இன்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் ‘கிட்’ வருவதற்கு முன்னால், 1960-கள் வரை உலகத்தின் பல ஆஸ்பத்திரிகளில் இதுதான் டெஸ்ட். பெட்டி பெட்டியாகக் கப்பல் ஏறியது. பிறகு ஆய்வகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 2012-இல் ஜான் கர்டனுக்கு நோபல் பரிசு கிடைத்த குளோனிங் ஆராய்ச்சி இந்தத் தவளையில் செய்ததுதான். மனுஷ குலத்துக்கு இவ்வளவு உழைத்த ஜீவன் வேறு இருக்குமா தெரியவில்லை.

தப்பித்ததும் விடப்பட்டதுமாக அது கலிஃபோர்னியா, சிலி, பிரான்ஸ், போர்ச்சுகல், சிசிலி என்று குடியேறிவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் உள்ள ஒரு அல்லிக் குளத்தில் புகுந்த நகத் தவளைகளை ஒழிக்க, குளத்தையே வற்றவைத்து வருஷக்கணக்கில் போராடினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இதை ஊடுருவும் அயல் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. 2024 ஆகஸ்ட் முதல் அந்தத் தடை அமலில் இருக்கிறது. அதாவது பாரிஸில் விற்கக் கூடாத தவளை, மார்த்தாண்டம் பக்கம் 120 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

“நம்ம ஊரு வெயிலுக்கு அதெல்லாம் தாங்காது” என்று அத்தான் சொன்னார். பாதி நியாயம். குளிர் தேடும் தவளை, சமவெளிக் குளத்தில் பல்கிப் பெருகாமல் போகலாம். ஆனால் தவளை சாவதற்கு முன் அதன் தோலில் இருப்பது தண்ணீரில் இறங்கிவிடும். கைட்ரிட் என்ற பூஞ்சை. நகத் தவளைக்கு அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, சுமந்துகொண்டு மட்டும் திரியும். வேறு இனங்களுக்கோ அது எமன். தோலில் உள்ள கெரட்டினில் புகுந்து உப்புச் சமநிலையைக் குலைத்து, கடைசியில் இதயத்தையே நிறுத்திவிடும். 2019-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வின்படி, 501 நீர்நில வாழ் இனங்களின் வீழ்ச்சியில் இந்தப் பூஞ்சைக்குப் பங்கு உண்டு. அதில் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றன. தவளைகளை நாடு விட்டு நாடு கொண்டுபோன வியாபாரம்தான் இதைப் பரப்பியது என்று 2018-இல் வந்த மரபணு ஆய்வும் சொன்னது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தப் பூஞ்சை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. பனாமாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கூட்டம் கூட்டமாகச் செத்ததைப் போல இங்கே நடக்கவில்லை. ‘அப்போ ஏற்கெனவே இருக்கே, என்ன இப்போ’ என்று கேட்கலாம். பூஞ்சையில் பல வம்சங்கள் உண்டு. இங்குள்ள தவளைகள் நெடுங்காலமாகச் சேர்ந்து வாழும் வம்சம் ஒன்றாக இருக்க, கடைத் தொட்டிகளில் சுற்றும் வம்சம் வேறாக இருக்கலாம். இரண்டும் கலந்து புதிதாக ஒன்றும் பிறக்கலாம். சிதறாலில் இருந்து கிழக்கே திரும்பினால் பேச்சிப்பாறை, அதற்கு மேலே களக்காடு மலை. பூஞ்சைக்கும் நகத் தவளைக்கும் பிடித்த அந்தக் குளிர் அங்கே இருக்கிறது.

அந்த மலைத்தொடர் என்ன மாதிரி இடம் என்பதற்கு ஒரே உதாரணம். வருஷம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து, மழை தொடங்கும் சில நாள் மட்டும் வெளியே வரும் ஊதாத் தவளையை 2003-இல்தான் அறிவியல் உலகம் அறிந்தது. கேரளக்காரரான எஸ்.டி.பிஜுவும் பெல்ஜியத்தின் ஃபிராங்கி போசூட்டும் அதை விவரித்தார்கள். அதன் உறவுக்காரன் ஒன்று, தமிழ்நாட்டுப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் இருந்து, 2017-இல்தான் விவரிக்கப்பட்டது. பெயர் வைத்து முடிக்கவே இல்லை, அதற்குள் நாம் 120 ரூபாய் சமாச்சாரத்தைத் தண்ணீரில் கொட்டப் பார்க்கிறோம்.

மீன் தொட்டி வழியாக இப்படி வந்தவை புதிதும் அல்ல. ‘டேங்க் கிளீனர்’ என்று வாங்கி ஏரியில் கொட்டிய சக்கர் மீன் இன்று மீனவர் வலையைக் கிழிக்கிறது. காசு அளவில் அழகாக இருந்த செங்காது ஆமை தட்டளவு வளர்ந்ததும் குளத்துக்குப் போனது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தடை வந்து இத்தனை வருஷமாகியும் பண்ணைகளில் பிடித்து அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டம் என்ன செய்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-க்கு 2022-இல் பெரிய திருத்தம் வந்தது, 2023 ஏப்ரல் 1 முதல் அமல். அதன்படி சைட்டிஸ் எனும் சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன, பதிவு பரிவேஷ் இணையதளத்தில். நல்ல விஷயம்தான். ஆனால் சைட்டிஸ் பட்டியல், வியாபாரத்தால் அந்த உயிரினத்துக்கு ஆபத்தா என்று பார்த்துப் போட்டது. அந்த உயிரினத்தால் நம்ம குளத்துக்கு ஆபத்தா என்பது அதன் கேள்வியே இல்லை. விளைவு, நகத் தவளை அதில் கிடையாது. நண்பர் கேட்ட மரத்தவளையும் கிடையாது. ரீல்ஸில் ஹிட்டான, வாய் மட்டுமே உடம்பாக இருக்கும் ‘பேக்மேன்’ தவளையும் கிடையாது. வெளிநாட்டில் இருந்து கொண்டுவர உரிமமும் கால்நடைத் தனிமைப்படுத்தல் அனுமதியும் தேவை. ஆனால் உள்ளே வந்து தொட்டியில் குட்டி போட்டுப் பெருகிய பிறகு, அது எந்தக் கடையில் இருந்து எந்த வீட்டுக்குப் போகிறது என்பதற்குக் கணக்கே இல்லை.

இதை அடைக்கப் புதுச் சட்டம் வேண்டியதில்லை என்பதுதான் என் வாதம். அதே 2022 திருத்தத்தில் 62ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். ஊடுருவும் அயல் இனங்களின் இறக்குமதி, விற்பனை, வைத்திருத்தல் எல்லாவற்றையும் மத்திய அரசு கட்டுப்படுத்தலாம், தடையும் செய்யலாம். நகத் தவளையை அதில் கொண்டுவர வேண்டும். மற்ற அயல்நாட்டுத் தவளைகளை விற்க வேண்டுமானால் கைட்ரிட் பரிசோதனைச் சீட்டு கட்டாயமாக வேண்டும். வளர்க்க முடியாதவர்கள் திருப்பிக் கொடுக்க ஒரு வழியும் இருக்க வேண்டும். அது இல்லாமல் தடை மட்டும் போட்டால், பயத்தில் ஆளாளுக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் குளத்தில் கொட்டிவிடுவார்கள். முன்கூட்டியே செய்ய முடியுமா என்றால், அமெரிக்கா செய்திருக்கிறது. சாலமாண்டர்களைக் கொல்லும் இன்னொரு பூஞ்சை ஐரோப்பாவை அடித்ததைப் பார்த்து, தங்கள் நாட்டுக்கு வருவதற்கு முன்பே 2016 ஜனவரியில் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியை நிறுத்தினார்கள்.

ஊரில் தவளைக்கு விலை இருந்த காலம்

இதையெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாமா நடுவில் வந்தார். “தவக்களைக்கு வெல வச்சது இப்பமா மக்களே? நாங்க பிடிச்சு வித்திருக்கோம்லா.”

எழுபதுகளில், எண்பதுகளில் இங்கே வயல் அதிகம், ரப்பர் குறைவு. முதல் மழைக்கு மாக்கான் தவளைகள் மஞ்சளாக நிறம் மாறிக் கத்தும். பெட்ரோமாக்ஸ் விளக்கும் சாக்குமாக இறங்கினால், வெளிச்சத்தில் கண் கூசி அசையாமல் உட்கார்ந்திருக்கும், அப்படியே அள்ளலாம். கிலோ கணக்கில் ஏஜென்ட் எடுப்பார். கால் மட்டும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும். 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவின் தவளைக்கால் ஏற்றுமதி ஆண்டுக்கு 4,000 டன்னைத் தாண்டியது. தவளை போனதும் வயலில் பூச்சி ஏறியது. தவளைக்கால் கொண்டுவரும் டாலரைவிட பூச்சிமருந்துக்கு அதிகம் செலவாகிறது என்று அப்போதே குரல் எழுந்தது. 1985-இல் மாக்கான் சைட்டிஸ் பட்டியலில் ஏறியது, 1987-இல் இந்தியா ஏற்றுமதியையே தடை செய்தது.

“அப்பம் நல்ல பைசா கெடச்சது. கொறே வருஷம் கழிச்சு ராத்திரி வயல்ல சத்தமே இல்ல” என்றார் மாமா. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடைத் தவளை வேண்டாம் என்றால் வயல் தவளையைப் பிடித்து வளர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. மாக்கான் சட்டப் பாதுகாப்பில் உள்ள விலங்கு, மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்பதெல்லாம் உண்டு. அதைவிட, நீங்கள் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கொல்லைப்புறத்தில் களைக்கொல்லி அடிக்காமல், நிழலில் கொஞ்சம் தண்ணீர் தேங்கினால் அதுவாக வரும். அக்கா மகனுக்கு ஐநேச்சுரலிஸ்ட் ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ராத்திரி கிணற்றடியில் கேட்கும் சத்தத்தை எல்லாம் ரெக்கார்ட் பண்ணி ஏற்றுகிறான். இதுவரை நாலு வகை கேட்டிருக்கிறான், செலவு டேட்டா பேக் மட்டும்.

நண்பர் இன்னும் முடிவெடுக்கவில்லை. 70,600-ஐக் காட்டியபோது “ஒரு போன் இஎம்ஐ தானே” என்றார். அவருக்குக் கட்டுப்படியாகும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

வெள்ளைத் தவளை இப்போதும் அக்கா வீட்டில்தான் இருக்கிறது. அத்தான் மூன்றடித் தொட்டி செய்து, மூடிமேல் ஒரு செங்கலையும் வைத்துவிட்டார். தொட்டித் தண்ணீர் மாற்றும்போது பழைய வெள்ளத்தை ஓடையில் கொட்டாமல், பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் வைத்து, வெயில் படும் காய்ந்த தரையில் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே செய்கிறாள் அக்கா. பையனுக்கு இப்போது 11. அவன் பிளஸ் டூ முடித்து, காலேஜுக்கு வெளியூர் போய், வேலை தேடிக்கொண்டிருக்கும் 26 வயசிலும் அந்தத் தவளை உயிரோடு இருக்கலாம். அவன் ஹாஸ்டலுக்குப் போனதும் மண்புழு தோண்டுவது யார் என்று அக்காவுக்கும் அத்தானுக்கும் இப்போதே சண்டை தொடங்கிவிட்டது.